கழற்றக் கூடாத கம்பி

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

பேருந்தில் போகும்போது கம்பி வேலிக்கு அப்பால் ஒரு துணைமின் நிலையத்தைப் பார்க்காதவர் நம்முள் எவரும் இரார். 'மாதாந்திரப் பராமரிப்பு' என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும் நாளில் நம் ஒட்டன்சத்திரத்து மின்விசிறிகள் எல்லாம் ஓய்வெடுப்பதும் இந்த நிலையத்தின் பொருட்டே. அங்கே இரும்புச் சட்டங்களின் மேல் பீங்கான் தூண்கள் வரிசை வரிசையாய் நிற்கும். வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியது போன்ற உருவம். ஆறாம் வகுப்பில் படித்த நாளில் அவற்றுக்கு 'இட்லித் தட்டுகள்' என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

அவை எல்லாம் ஒரே வகை என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். அப்படியன்று. அவற்றுள் சில, மின்சாரத்தை அளந்து சொல்வதற்காகவே நிற்பவை. அவற்றுக்குக் கருவி மின்மாற்றிகள் என்று பெயர். மின்னோட்டத்தை அளக்க உதவுவது மின்னோட்ட மின்மாற்றி. வேலை செய்வோர் அதனைச் சி.டி. என்பர். மின்னழுத்தத்தை அளக்க உதவுவது மின்னழுத்த மின்மாற்றி; அதனைப் பி.டி. என்பர். இக்கட்டுரையில் நாங்களும் அவ்வாறே எழுதுகிறோம். நீண்ட பெயரை ஒவ்வொரு முறையும் எழுதினால் ஆண்டு மலரில் மற்றத் தோழியர்க்கு இடம் இராது!

இவற்றை இணைத்துப் பயன்படுத்தும் முறையில் ஒரு விதி உண்டு. சிறு வயது முதல் வீட்டில் நமக்குச் சொல்லித் தந்ததற்கு அது நேர்மாறானது. முதன்முறை கேட்டபோது நாங்கள் நம்பவேயில்லை. நம்ப வைத்தது ஒரு கையின் தழும்பு.

முதலில் நமக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். ஆய்வகத்தில் ஓம் விதிச் சோதனை செய்த ஒவ்வொருத்தியும் இரண்டு செய்திகளை அறிவாள். அம்மீட்டரை மின்சுற்றில் தொடராக இணைக்க வேண்டும். அதன் மின்தடை மிகக் குறைவு. வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பில் இணைக்க வேண்டும். அதன் மின்தடை மிக அதிகம். மாற்றி இணைத்தவர்கள் சிஸ்டரிடம் வாங்கிய திட்டையும் அறிவார்கள். (இதனை எழுதுபவளும் அவர்களுள் ஒருத்தியே.) இந்த இரண்டு செய்திகளும் மனத்தில் இருந்தால் இக்கட்டுரையில் பாதி புரிந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

ஆனால் ஆய்வகத்தில் நாம் கையாள்வது உலர் மின்கலத்தின் 1.5 வோல்ட். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். கிராமத்துச் சாலையோரம் உயரமான கம்பத்தில் செல்லும் கம்பிகளில் 11,000 அல்லது 22,000 வோல்ட் இருக்கும். பெரிய இரும்புக் கோபுரங்களில் 1,10,000 வோல்ட்டும் அதற்கு மேலும் உண்டு. இத்தகைய கம்பியில் வோல்ட்மீட்டரை நேரே இணைத்தால் மீட்டரும் மிஞ்சாது, முள்ளைப் பார்க்கப் போனவரும் மிஞ்சமாட்டார். ஆகவே பெரிய அளவை நேரே தொடாமல், அதற்குச் சரியான விகிதத்தில் ஒரு சிறிய நகலை எடுத்து, அந்த நகலை மீட்டருக்குக் காட்ட வேண்டும். வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது இத்தனை கிலோமீட்டர் என்று புவியியலில் படிக்கிறோமே, அதைப் போல.

நகல் எடுக்கும் வழியை 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே காட்டிவிட்டார். ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளின் மின்னோட்டம் மாறும்போது, அதனைத் தொடாத மற்றச் சுருளிலும் மின்சாரம் தோன்றியது. நாம் பாடத்தில் படித்த மின்மாற்றி அந்த வளையத்தின் வழித்தோன்றல்தான். சி.டி.யும் பி.டி.யும் அதே குடும்பம்.

இவற்றைப் பற்றி எங்களுக்கு விளங்கச் சொன்னவர் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை. அவர் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாய் நீண்ட காலம் வேலை பார்ப்பவர். அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, "எங்க அப்பாகிட்டக் கேப்போம்" என்றாள் அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்ததும், அறிவியல் சிஸ்டர் உடன் வர, நாங்கள் ஐந்து பேர் அவர்கள் தோட்டத்துக்குச் சென்றோம்.

"வாங்க சிஸ்டர். வாங்க கண்ணுகளா" என்று வரவேற்றவர், முதலில் எங்கள் கையில் கொடுத்தது கனத்த கரிய வளையம் ஒன்று. உளுந்து வடையைப் பெரிதாக்கியது போல நடுவில் ஓட்டை. எங்களுள் ஒருத்தி அதனுள் கையை விட்டு முழங்கைவரை ஏற்றி, "மாமா, வளையல் நல்லாயிருக்கு!" என்றாள். அவரும் சிரித்துவிட்டு, "வளையல்தாம்மா. கரண்ட்டுக்குப் போடுற வளையல்" என்றார்.

அதுதான் சி.டி. ஆலையில் பழுதென்று கழித்துப் போட்டது. உள்ளே மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகட்டால் ஆன வளையம். அதன்மேல் காப்பிட்ட செப்புக் கம்பி சுற்றியிருக்கும். அதுவே துணைச் சுருள். அதன் இரு முனைகள் மட்டும் வெளியே தெரியும். முதன்மைச் சுருள் எங்கே என்று தேடினோம். காணவில்லை. "உன் கைதான் கண்ணு பிரைமரி" என்றார் மாமா. ஆம், ஆலைக்கு மின்சாரம் செல்லும் தடித்த கம்பியோ செப்புப் பட்டையோ அந்த ஓட்டையின் வழியே ஒரே முறை நுழைந்து செல்லும். அதுவே ஒற்றைச் சுற்று முதன்மைச் சுருள். அம்மீட்டரைப் போலச் சி.டி.யும் தொடர் இணைப்பில் இருக்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம்: ஆலைக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் அதனுள் புகுந்துதான் போக வேண்டும்.

அதன் பெயர்ப் பட்டையைத் துடைத்துப் படித்தோம். 200/5 என்றிருந்தது. முதன்மையில் 200 ஆம்பியர் ஓடினால் துணைச் சுருளில் 5 ஆம்பியர் ஓடும் என்பது பொருள். நாற்பதில் ஒரு பங்கு. கணக்கு எளிது: முதன்மை ஒரு சுற்று, துணைச் சுருள் 40 சுற்று. சி.டி. எவ்வளவு பெரியதானாலும் துணைச் சுருளின் மின்னோட்டத்தை 5 ஆம்பியர் அல்லது 1 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்கிறார்கள். எனவே 50 ஆம்பியருக்கும் 2,000 ஆம்பியருக்கும் ஒரே வகை அம்மீட்டர் போதும். முகத்தில் எழுதிய எண்கள் மட்டும் மாறும்.

அடுத்து கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரின் அருகே எங்களை அழைத்துப் போனார். மும்முனை மின்சாரம் வந்திருந்த நேரம். "யாரும் கிட்ட வரக்கூடாது, அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் நில்லுங்க" என்று எல்லை வகுத்துவிட்டு, நண்டின் கொடுக்குப் போலத் திறந்து மூடும் ஒரு கருவியை எடுத்தார். டாங் டெஸ்டர் என்றார். போர்வெல் மோட்டார் பழுது பார்க்க வருவோர் கையில் அதனை நம் வீடுகளிலேயே பலர் பார்த்திருப்போம். அதுவும் ஒரு சி.டி.தான்! திறந்து மூடும் கொடுக்கே இரும்பு வளையம். கம்பியை அறுக்காமலே அதனைச் சுற்றி மூடிவிடலாம்.

ஒரு கம்பியைக் கவ்வினார். ஏழரை ஆம்பியர் காட்டியது. அது 5 குதிரைத்திறன் மோட்டார். குதிரைத்திறன் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. "இப்ப ரெண்டு கம்பியச் சேத்துப் புடிச்சா எவ்வளவு காட்டும்?" என்றார். "பதினைந்து" என்று ஐவரும் ஒரே குரலில் கூறினோம். பிடித்தார். அதே ஏழரை! "மூணையும் புடிச்சா?" இம்முறை ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மூன்றையும் கவ்வியபோது சுழி காட்டியது.

அங்கேயே மணலில் குச்சியால் வரைந்து விளக்கியவர் சிஸ்டர். மும்முனைக் கம்பிகளில் மின்னோட்டங்கள் ஒன்றாய் ஏறி ஒன்றாய் இறங்குவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாய் முறை வைத்து ஏறி இறங்குகின்றன. எந்த நொடியிலும் மூன்றையும் கூட்டினால் சுழிதான். ஆகவே இரண்டின் கூட்டுத்தொகை, மூன்றாவதன் அளவே, திசை மட்டும் எதிர். வளையம் தன்னுள் புகுந்த அனைத்தையும் கூட்டிப் பார்க்கிறது, அவ்வளவே. 'மூன்றையும் பிடித்தால் சுழி' என்பதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் அது வேண்டும்.

அப்போதுதான் மாமாவின் வலக்கையைக் கவனித்தோம். கட்டைவிரலிலும் சுட்டுவிரல் நுனியிலும் தோல் சுருங்கி வழவழப்பாய் இருந்தது. கேட்கத் தயங்கினோம். அவர் மகளே, "அத சொல்லுங்கப்பா" என்றாள்.

பல ஆண்டுகளுக்கு முன், அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்பிருந்த ஆலையில் நடந்தது. பெரிய சுவிட்சு போர்டில் ஓர் அம்மீட்டரின் முள் சிக்கிக்கொண்டது. மாற்ற வேண்டும். ஆலையை நிறுத்தினால் நூல் அறும், உற்பத்தி கெடும் என்று மேலே இருந்தவர் சொல்ல, ஓடும்போதே மாற்றப் போனார். முக்காலியின்மேல் ஏறி நின்று, அம்மீட்டரின் பின்னால் இருந்த திருகைத் தளர்த்தி ஒரு கம்பியை இழுத்தார். "அஞ்சு ஆம்பியர் ஒயர்தானே, அதுவும் டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம். கழட்டிட்டா என்ன ஆகும்னு நெனச்சேன். கழட்டுனா கரண்ட் நின்னுபோகும், அதுதானே நமக்குத் தெரிஞ்சது?" கம்பி முனைக்கும் திருகுக்கும் இடையே நீலப் பொறி இழுத்தபடி நின்றதாம். கையை உதறிக் கீழே விழுந்ததில் முழங்கை முறிந்தது. பொறி சுட்டதே விரல் தழும்பு. சி.டி. வண்டுபோல இரைந்து, சூடேறி, அரக்கு வாடை வீசியதாம். உடன் இருந்த மூத்த எலக்ட்ரீஷியன் ஓடிவந்து மெயினை அணைத்தார். "அவர் இல்லேன்னா இன்னிக்கு உங்களுக்கு வளையல் காட்ட ஆள் இல்ல" என்று சிரித்தார் மாமா. அவர் மகள் சிரிக்கவில்லை.

எங்களுக்குத் திகைப்பாக இருந்தது. சுவிட்சை அணைத்தால் பாதுகாப்பு, பிளக்கைப் பிடுங்கினால் பாதுகாப்பு என்பதே நாம் அறிந்த நெறி. திறந்த சுற்றில் மின்சாரம் ஓடாது என்பதே பாடம். சி.டி.யின் துணைச் சுற்று மட்டும் திறந்தால் ஏன் சீறுகிறது?

விடை இதுதான். நம் தெருக் கம்பத்தில் இருக்கும் மின்மாற்றியில், நாம் எல்லோரும் விளக்கை அணைத்துவிட்டால் முதன்மைச் சுருளின் மின்னோட்டமும் தானே குறைந்துவிடும். துணைச் சுருள் கேட்பதைத்தான் முதன்மை கொடுக்கிறது. சி.டி.யில் அவ்வாறன்று. அதன் முதன்மை மின்னோட்டத்தை முடிவு செய்வது ஆலையில் ஓடும் இயந்திரங்கள். துணைச் சுருள் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை அது பொருட்படுத்தாது. 200 ஆம்பியர் ஓட வேண்டுமானால் 200 ஆம்பியர் ஓடியே தீரும்.

நம் விளையாட்டு விழாவின் கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துப் பாருங்கள். சிவப்பு அணியும் நீல அணியும் சமமாக இழுக்கும்போது கயிற்றின் நடுவில் கட்டிய துணி அசைவதே அரிது. சி.டி.க்குள்ளும் அப்படி ஒரு போட்டி நடக்கிறது. முதன்மை ஒரு சுற்றில் 200 ஆம்பியர்: ஒன்றை 200-ஆல் பெருக்க 200. துணைச் சுருள் 40 சுற்றில் 5 ஆம்பியர்: நாற்பதை ஐந்தால் பெருக்க அதுவும் 200, ஆனால் எதிர்த் திசை. இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய முற்றிலும் ஈடுசெய்துவிடுவதால், இரும்பு வளையத்தில் மிகச் சிறிய காந்தப் பாயமே எஞ்சும். துணைச் சுருளைத் திறந்துவிட்டால் நீல அணி திடீரென்று கயிற்றை விட்டுவிட்டது போலாகும். சிவப்பு அணி இழுப்பதை நிறுத்தாது. 200-உம் இரும்பைக் காந்தமாக்குவதிலேயே பாயும்.

இரும்பு அதனைத் தாங்காது, காந்தத்தால் நிரம்பிவிடும். மின்னோட்டமோ நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 100 முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு முறை மாறும்போதும், ஒரு பக்கம் நிரம்பிய இரும்பு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் மறுபக்கம் நிரம்ப வேண்டும். காந்தப் பாயம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் சுருளில் தோன்றும் என்பது ஃபாரடேயின் விதி. ஆகவே திறந்த முனைகளுக்கு இடையே நூற்றுக்கணக்கான வோல்ட் தோன்றும், பெரிய சி.டி.க்களில் ஆயிரக்கணக்கிலும் தோன்றும். தொட்டவரைக் கொல்லலாம். காப்பு எரியலாம். சி.டி. தப்பிப் பிழைத்தாலும் இரும்பில் தங்கிவிட்ட காந்தத்தால் அதன்பின் பிழையாக அளக்கலாம். நாங்கள் வளையலாய்ப் போட்டு விளையாடியதும் அப்படித் திறந்ததால் கெட்டு, கழித்துக் கட்டியதுதான் என்று பிறகு தெரிந்தது.

இதனால்தான் சி.டி.யின் துணைச் சுற்றில் ஃபியூஸ் வைப்பதே இல்லை. ஃபியூஸ் உருகினால் சுற்று திறந்துவிடுமே! பாதுகாப்பென்று வைத்த பொருளே ஆபத்தாகிவிடும். அம்மீட்டரைக் கழற்ற வேண்டுமானால், முதலில் சி.டி.யின் இரு துணை முனைகளையும் ஒரு கம்பியாலோ பட்டையாலோ ஒன்றோடொன்று இறுக்கமாய் இணைத்துக் குறுக்குச் சுற்று ஆக்க வேண்டும். பிறகே மீட்டரைத் தொட வேண்டும். புதிய மீட்டரைப் பொருத்தி, திருகுகளை முறுக்கிச் சரிபார்த்த பிறகே அந்தக் குறுக்குப் பட்டையை எடுக்க வேண்டும். இதற்கென்றே பலகைகளில் தனி இணைப்புக் கட்டை வைக்கிறார்கள். பயன்படாமல் சும்மா இருக்கும் சி.டி.யின் முனைகளையும் இப்படியே இணைத்து வைக்க வேண்டும். மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டுச் செய்வது இவை எல்லாவற்றினும் மேல் என்று மாமா மும்முறை சொன்னார். பழைய முள் வகை டாங் டெஸ்டரில் கம்பியைக் கவ்வியபடியே அளவுக் குமிழைத் திருகக் கூடாது என்பதும் இதனால்தான். திருகும் கணத்தில் உள்ளே சுற்று திறக்கலாம்.

குறுக்குச் சுற்று ஆக்கினால் எரிந்துவிடாதா என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். சிஸ்டர் அவளையே பார்த்து, "அம்மீட்டரின் மின்தடை எவ்வளவு?" என்றார். மிகக் குறைவு. அதாவது, அம்மீட்டர் இணைந்திருக்கும் எந்நேரமும் சி.டி. ஏறக்குறையக் குறுக்குச் சுற்றில்தான் இருக்கிறது. அதுவே அதன் இயல்பு நிலை.

பி.டி.யின் செய்தி நேர் எதிர். அது வோல்ட்மீட்டரின் இனம். கம்பிக்கும் கம்பிக்கும் இடையே, அல்லது கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே, பக்க இணைப்பில் இருக்கும். முதன்மையில் பல்லாயிரம் சுற்று, துணையில் சிலவே. 22,000 வோல்ட்டை அது 110 வோல்ட்டாகக் குறைத்துக் காட்டும். இருநூறில் ஒரு பங்கு. 1,10,000 வோல்ட் கம்பியையும் 110 வோல்ட் என்றே காட்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு. துணை முனைகளில் இருப்பது வோல்ட்மீட்டர் போன்ற அதிகத் தடையுள்ள கருவி. ஆகவே அது ஏறக்குறையத் திறந்த சுற்றுதான். திறந்து வைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதன் முனைகளைக் குறுக்கே இணைத்துவிட்டாலோ, பெருமின்னோட்டம் பாய்ந்து சுருள் எரிந்துபோகும். ஆகவே இதற்கு ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகளுக்கு இப்படி எதிரெதிரான விதி! தூக்கக் கலக்கத்தில் வேலை செய்பவர் பாடு என்ன ஆவது?

பி.டி.யில் இன்னொரு மறைந்த ஆபத்தும் உண்டு. மின்மாற்றி இரு வழிப் பாதை. மேலே கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று நம்பி ஒருவர் ஏறி நிற்கையில், கீழே வேறொருவர் சோதனைக்காகத் துணைச் சுருளில் 110 வோல்ட் கொடுத்தால், மேலே 22,000 வோல்ட் எழும். ஆகவே பராமரிப்பின்போது மேற்பக்கத்தைத் துண்டித்தால் போதாது, பி.டி.யின் துணைப் பக்க ஃபியூஸ்களையும் கழற்றிவிட வேண்டும். கழற்றிய ஃபியூஸை மாமா தம் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்வாராம். "என் பையில இருந்தா எவனும் போட முடியாதுல்ல?" வீட்டில் துணி துவைக்கையில் பையிலிருந்து ஃபியூஸ் விழுவது வழக்கம் என்று தோழி சொன்னாள்.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. துணைச் சுற்றின் ஒரு புள்ளியை எர்த் செய்ய வேண்டும். உள்ளே காப்பு கெட்டு மேற்பக்கத்து உயர் மின்னழுத்தம் துணைச் சுருளுக்குக் கசிந்தால், எர்த் இல்லாதபோது அது மீட்டர்வரை வந்து, மீட்டரைத் தொடும் கையில் இறங்கும். எர்த் இருந்தால் நிலத்துக்குப் போய்விடும். காப்பு நன்றாய் இருந்தாலுங்கூட, எர்த் இல்லாத சுருள் அருகிலுள்ள உயர் மின்னழுத்தத்தால் தானும் ஏறிக்கிடக்கும். ஆனால் ஒரே புள்ளியில்தான் எர்த் செய்ய வேண்டும். 'ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லது' என்று இரு இடங்களில் செய்தால், இரண்டுக்கும் இடையே நிலத்தின் வழி வேண்டாத மின்னோட்டம் சுற்றி அளவைக் கெடுக்கும்.

இனிப் பெற்றோர்க்குச் சுவை தரக்கூடிய பகுதி: கட்டணம்! பெரிய ஆலைகளுக்கு உயர் மின்னழுத்தத்திலேயே மின்சாரம் கொடுத்து, சி.டி., பி.டி. இரண்டையும் வைத்து யூனிட்டை அளக்கிறார்கள். 22,000 வோல்ட்டில் 20/5 சி.டி. இருக்கிறது என்று கொள்வோம். சி.டி. நான்கில் ஒரு பங்கும், பி.டி. இருநூறில் ஒரு பங்கும் காட்டுவதால், மீட்டர் தன்னளவில் ஒரு யூனிட் ஓடினால் ஆலை செலவழித்தது 800 யூனிட். நகலில் நேரும் சிறு பிழையும் எண்ணூறு மடங்காகும் அல்லவா? எனவேதான் அளவைக்கு வைக்கும் சி.டி.யில் 0.5 போன்ற துல்லிய எண் குறித்திருக்கும். முழு மின்னோட்டத்தில் அரை விழுக்காட்டுக்கு மேல் பிழை கூடாது என்பது அதன் பொருள். பழுது நேரும்போது ரிலேயைத் தூண்டுவதற்கு வைக்கும் சி.டி. வேறு வகை. அதில் 5பி10 என்பது போல எழுதியிருக்கும்; மின்னோட்டம் பத்து மடங்கு ஆனாலும் பிழை ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்கும் என்பது குறிப்பு. முன்னது தராசு, பின்னது காவல்காரன் எனலாம்.

முனைகளின் திசையும் முக்கியம். சி.டி.யில் பி1, பி2 என்றும் எஸ்1, எஸ்2 என்றும் குறித்திருப்பார்கள். மின்சாரம் வரும் பக்கம் பி1 இருக்க வேண்டும். அம்மீட்டர் திசை பார்க்காது. ஆனால் யூனிட் மீட்டர் பார்க்கும். மூன்று சி.டி.க்களில் ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டால், இரண்டு கூட்டும், ஒன்று கழிக்கும். மூன்று பங்கு காட்ட வேண்டிய மீட்டர் ஒரே பங்குதான் காட்டும். தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளில் இது இன்னும் நுட்பமானது. காற்று வீசும்போது அவை மின்சாரம் தருகின்றன. காற்றில்லாதபோது தமக்கு வேண்டிய சிறிதளவை வாங்குகின்றன. கொடுத்தது எது, வாங்கியது எது என்று மீட்டர் பிரித்தறிவது இந்தத் திசையைக் கொண்டே.

இனித் துணைமின் நிலையத்தைக் கடக்கும்போது வேலிக்கு வெளியிலிருந்தே சி.டி. எது, பி.டி. எது என்று சொல்லிவிடலாம். பீங்கான் தூணின் உச்சியில் ஒரு பக்கம் கம்பி புகுந்து மறுபக்கம் வெளியேறினால் அது சி.டி.; தொடர் இணைப்பு. உச்சிக்கு ஒரே கம்பி வந்து அத்துடன் நின்றுவிட்டால் பெரும்பாலும் பி.டி.; மறு முனை அடியில் எர்த்துக்குப் போகிறது. (ஒற்றைக் கம்பியுடன் நிற்கும் இடிதாங்கியும் உண்டு, அது இவற்றைவிட மெலிந்திருக்கும். நாங்கள் இரண்டு முறை ஏமாந்தோம்.) வேலிக்குள் போய்ப் பார்க்கும் ஆசை எவருக்கும் வேண்டாம்.

மூன்று கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தால் சுழி என்றோமே, அதற்கு வருவோம். பல வீடுகளில் மெயின் போர்டில் 'டெஸ்ட்' என்று எழுதிய சிறு பொத்தானுடன் ஒரு சுவிட்சு இருக்கும். ஈ.எல்.சி.பி. என்பார்கள், இப்போது விற்பவற்றில் ஆர்.சி.சி.பி. என்றிருக்கும். அதனுள்ளும் ஒரு குட்டி வளையல் இருக்கிறது. வீட்டுக்கு வரும் கம்பியும் திரும்பிப் போகும் கம்பியும் அதனுள் சேர்ந்தே நுழைகின்றன. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்தால் கூட்டுத்தொகை சுழி. வளையல் பேசாமல் இருக்கும். எவரேனும் ஈரக்கையால் பழுதான கிரைண்டரைத் தொட்டு, அவர் உடல்வழியே சிறிது மின்சாரம் நிலத்துக்குப் போனால், கணக்கு இடிக்கும். அந்த வேறுபாடு 30 மில்லி ஆம்பியர் ஆவதற்குள், கண்ணிமைக்கும் நேரத்தில், அது சுவிட்சைத் தள்ளிவிடும். பொத்தானை அமுக்கினால் உள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கி, வளையல் விழித்திருக்கிறதா என்று சோதிக்கிறது. மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது நல்லது.

தோட்டத்திலிருந்து திரும்பிய அன்று மாலையே, சிஸ்டரின் அனுமதியுடன் நாங்கள் தங்கியிருக்கும் விடுதியின் பொத்தானை அமுக்கிப் பார்த்தோம். ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் அமுக்கினோம். விளக்குகள் அசையாமல் எரிந்தன. சிஸ்டரின் முகம் மாறியது. அன்றிரவே மாமாவுக்குத் தொலைபேசி போயிற்று. மறுநாள் காலை வந்து பார்த்தவர், உள்ளே பொறிமுறை இறுகிக் கிடக்கிறது என்றார். எத்தனை காலமாய் அப்படிக் கிடந்ததோ! துவைக்கும் இயந்திரத்தையும் தண்ணீர் மோட்டாரையும் ஈரக்கையோடு எத்தனை முறை தொட்டிருப்போம் என்று எண்ணி எண்ணி நாங்கள் பேசிக்கொண்டோம்.

புதியதை அவரே பொருத்தினார், மெயினை அணைத்துவிட்டு, கழற்றிய ஃபியூஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு. மாலைப் படிப்பு நேரத்தில் சிஸ்டர் எவரிடமும் சொல்லாமல் பொத்தானை அமுக்கினார். பட்டென்று விடுதி முழுவதும் இருண்டது. ஆறாம் வகுப்புச் சிறுமியர் எல்லோரும் 'ஓ' என்று கூவினார்கள். நாங்கள் ஐந்து பேர் மட்டும் இருட்டில் கைதட்டினோம்.